வளைந்த மட்டையும் இஷ்பெல் அண்ணியும்

"பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. சரி, போ."

பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு மட்டையாகத் தொட்டு எண்ணிய பிறகுதான் இஷ்பெல் ரென்னி யாரையும் கோல்ஃப் ஆட விடுவார். பாதிரியாரின் பையானாலும் எண்ணுவார். பதினைந்தாவது மட்டை ஒன்று இருந்துவிட்டால் தொலைந்தோம்.

வாரம் முழுக்க எங்கள் ஸ்காட்லாந்துக் கடலோர ஊருக்குத் தபால் கொடுப்பவர், சனிக்கிழமையானால் மைதானத்துக்கு நடுவர். என் அண்ணன் டூகலின் மனைவி. மழைக்குப் பயந்து விதிப் புத்தகத்தை ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை, எல்லாம் மனப்பாடம். யாராவது சண்டைக்கு வந்தால் ஒரே கேள்விதான்: "நீ பார்த்தியா, இல்ல நினைச்சியா?" பாதிப் பேர் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். அவர் வாயில் எந்நேரமும் ஒரு புதினா மிட்டாய் உருளும். தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் அதைக் கடித்து நொறுக்குவார்.

போன சனிக்கிழமை கோப்பைக்கான இறுதி ஆட்டம். மூன்று முறை இறுதிக்கு வந்து மூன்று முறையும் தோற்ற அண்ணனுக்கு இது நான்காவது. எதிரே பேக்கரி மர்டோ பெட்ரி. பொண்டாட்டியே நடுவரா என்று யாரோ முணுமுணுக்க, மர்டோ சிரித்தார். "இஷ்பெல்லா? அவ முதல் ஆப்பையே புருஷனுக்குத்தான் வைப்பா!"

பதினெட்டுக் குழிகளில் பதினாறு முடிந்தபோது அண்ணன் ஒரு குழி முன்னிலை. பதினேழாவதில், குழந்தைகூடப் போட்டுவிடும் இரண்டடித் தூரப் பந்தைத் தவறவிட்டார்! ஆட்டம் சமம். வயிற்றெரிச்சல் தாங்காமல் நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். மர்டோவும் கூட்டமும் என்னோடு வந்துவிட்டார்கள். பின்னால் வந்த அண்ணன் கையில் உருட்டு மட்டை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுகிற மட்டை, நாய்வாலாக வளைந்திருந்தது.

"மணல் மேட்டுல ஊன்றி ஏறினியாக்கும்?" என்றார் மர்டோ. "வேற எடுத்துக்கப்பா, விதி இடங்கொடுக்குதே."

அண்ணன் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். தானாகக் கெட்டுப்போன மட்டையை மாற்றிக்கொள்ளலாம், கோபத்தில் உடைத்ததை மாற்றக் கூடாது. இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் கிளப் கட்டடத்துக்குத் தலைதெறிக்க ஓடி, என் மட்டையை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றேன்.

கடக்.

மிட்டாய் நொறுங்கியது.

"அதைக் கீழ வை" என்றார் அண்ணி என்னிடம். பிறகு அண்ணனிடம் திரும்பினார். "டூகல், உன் பின்னாலதான் வந்தேன். கல்சுவத்துல ஓங்கி அடிச்சே."

"யாரும் பார்க்கலையே, இஷ்பெல்..."

"அப்ப நான் யாரு?"

அண்ணனின் காது வரைக்கும் சிவந்துபோயிற்று. "அடிச்சேன்தான்" என்றார் மர்டோவிடம். "முதல்லயே சொல்லியிருக்கணும்."

"வளைஞ்சதையே வெச்சு ஆடு. இல்லேன்னா பையில மிச்சம் பதிமூணு இருக்கு" என்றார் அண்ணி. குரலில் ஈவு இரக்கம் இல்லை. வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் குழியை மர்டோ ஐந்து முறை அடித்து முடித்தார். அண்ணன் அடிக்கப்போவது நான்காவது முறை. பத்தடித் தூரம், போட்டால் கோப்பை! நெடுந்தூரம் அடிக்கிற இரும்பு மட்டை ஒன்றை உருவினார். அதை வைத்து யாராவது பந்தை உருட்டுவார்களா? ஐயோ, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் தட்டிவிட்டார். பந்து துள்ளியது, உருண்டது, குழியின் விளிம்பில் ஒரு கணம் தயங்கியது. விழுந்தது! ஊரே கத்தியது. நான் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை.

அண்ணி மட்டும் அசையவில்லை. மர்டோ தொப்பியைக் கழற்றி, அண்ணனின் கையைக் குலுக்கி முடிக்கும்வரை நின்றார். "ஆட்டம் முடிஞ்சுது. ஜெயிச்சது டூகல் ரென்னி" என்று எல்லாருக்கும் கேட்க அறிவித்தார். பிறகு கையில் கட்டியிருந்த நடுவர் பட்டையைப் பிய்த்து என் கையில் திணித்துவிட்டு, ஈரப் புல்லில் ஓடினார் பாருங்கள், அண்ணனை நோக்கி.