பூசைக்கு முந்திய குளிசை

முதலில் தொண்டைதான் நொந்தது. எங்கள் முல்லைத்தீவுக் கடற்கரையில் தொண்டை நோவுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், சுகம் வந்தது. சில கிழமைகள் கழித்துக் காய்ச்சலோடு முழங்கால்கள் வீங்கின. கருவாடு காயப்போடக் குந்தியவள், எழும்ப முடியாமல் மணலிலேயே இருந்துவிட்டேன்.

டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். வாதக் காய்ச்சல் (தொண்டைக் கிருமிக்குப் பின்னால் வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்றார்.

“முந்திப் பென்சிலின் போட்டு உடம்பு தடிச்சதோ, மூச்சு முட்டினதோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப இந்தப் பென்சிலின் குளிசையைக் காலமையும் பின்னேரமும் வெறுவயித்தில போடவேணும். உடம்பு கடிச்சுச் சொறிஞ்சால், முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால் உடன இங்க வரவேணும். வேற ஆருக்கும் குடுக்கக்கூடாது. சுகமெண்டு நிப்பாட்டவும் கூடாது. வருசக்கணக்காப் போடவேணும், பிள்ளை. திரும்பவும் வந்தால் இதயத்தைப் பிடிக்கும்.”

வருசக்கணக்காகவா! எனக்கு அழுகை வந்தது. ஆனால் உண்மையாக என்னை அழவைத்தது குளிசை அல்ல, றோசலின்.

றோசலின் என் கணவரின் தங்கை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுத் தொடங்குபவள் நான். நான் பாயில் கிடந்த நாட்களில் அந்த இடத்தில் அவள் நின்றாள். எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கம். அவள் மூச்சுவிடாமல் இழுத்துப் பாடுவது சுவர் தாண்டிக் கேட்கும். வயிறு பற்றி எரிந்தது. குரலுக்காக மட்டுமல்ல, அவளுடைய முழங்கால்களுக்காகவும்தான். முழந்தாளிட்டுச் சட்டென்று எழும்புவாளே, அந்தக் கொழுப்பு எனக்கும் ஒரு காலம் இருந்தது.

தவக்காலம் வந்தபோது நடக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு பூசையும் தவறவிடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்தேன். பக்தி என்று ஊர் நினைத்தது. பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அங்கேதான் பிழை விட்டேன். நன்மை வாங்குமுன் (பூசையில் அப்பம் பெறுமுன்) வாயில் ஒன்றும் படக்கூடாது என்று வளர்ந்தவள் நான். குளிசையும் வாயில் படுவதுதானே? ஆகவே காலைக் குளிசையை வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் தேத்தண்ணியும் பிட்டும் காத்திருக்கும். பசியில் தின்றுவிடுவேன். பிறகு வயிறு வெறுமையில்லையே, எப்படிப் போடுவது? மாலைக் குளிசை மட்டும் ஒழுங்காக இறங்கியது. அதுவே போதும் என்று என்னை நானே ஏமாற்றினேன்.

தவக்காலத்தின் நடுவில் மறுபடி தொண்டை நொந்தது. உயிர்த்த ஞாயிறன்று பாட்டைத் தொடங்க எழும்பினேன். முதல் அடியிலேயே நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு அறுந்தது. விட்ட இடத்திலிருந்து றோசலின் எடுத்தாள். விழுந்துகொண்டே அதைக் கேட்டேன். என்ன வடிவாக எடுத்தாள், சனியன்!

இம்முறை வால்வில் (இரத்தம் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் இதயக் கதவு) ஒழுக்கு இருந்தது. இனி நீட்டிப் பாட மூச்சுப் போதாது என்று டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்த சுவாமியாரிடம் குளிசைக் கதையைச் சொன்னேன். அவர் தன் தலையில் கைவைத்தார்.

“வருத்தக்காரருக்கு மருந்து தடையில்லை, பிள்ளை. தண்ணியும் தடையில்லை. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?”

பூசைக்குப் போகும் அந்த வெறும் வயிறுதான் டொக்டர் கேட்ட வெறும் வயிறு. இரண்டும் ஒன்றாகவே என்னிடம் இருந்திருக்கின்றன. உங்களுக்கும் இந்தக் குளிசை எழுதப்பட்டிருந்தால், நோன்போ விரதமோ எதுவானாலும் முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு வேளை தவறினால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு விடியவே றோசலின் வந்தாள்.

“மச்சாள், குளிசை போட்டிட்டீங்களோ?”

“நீ ஆர் கேக்க? போய்ப் பாடு.”

“நீங்கள் போடாமல் நான் தொடங்கமாட்டன். சத்தியமா.”

வீம்புக்கு, அவள் போனபின்புதான் விழுங்கிவிட்டுப் பூசைக்குப் போனேன். கோயிலில் பீடத்தில் மணி அடித்தாயிற்று, பாட்டு வரவில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் தலையாட்டினேன். பாட்டு எழும்பியது.

இப்போது என் நாளுக்கு இரண்டு வேளைகள்தான், காலைக் குளிசை, மாலைக் குளிசை. படியேறும்போது இதயம் தன் ஒழுக்கைச் சொல்கிறது, நின்று கேட்டுவிட்டு ஏறுகிறேன். எரிச்சல் மாறவில்லை. அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது என்னுடையது என்றே தோன்றுகிறது. ஆனால் ஞாயிறுதோறும் நான் தலையாட்டும்வரை அவள் வாய் திறப்பதில்லை. எங்கள் கோயிலில் பாட்டைத் தொடங்குபவள் இன்றும் நான்தான்.