ஹீம் ஒட்டாத நாற்பத்தோரு இடங்கள்

“சார், என்னோட ரெண்டு எக்ஸ் எங்க சார்?”

மலர்விழி இப்படிக் கேட்டது 1993இல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடம், தேரடித் தெருவில் மாடியில் இருந்த என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

“அடிச்சி உட்டதெல்லாம் எடுத்துட்டேன்ம்மா. சுத்தமா இருக்குது பாருங்க” என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் வெளுத்தது. பாராட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

1. பிழை நீக்கித் தரப்படும்

இருபத்தாறு வருடம் டைப்ரைட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான். காலையும் மாலையும் லோயர், ஹையர் பரீட்சைகளுக்கு வகுப்புகள். நடுவில் ஜாப் டைப்பிங். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற மனுக்களில் பாதி என் கையால் போனவைதான். பி.ஏ.வை இரண்டாவது முயற்சியில் தேறியவன் என்றாலும், இங்கிலீஷ் மட்டும் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. அதனால் போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன்: ‘பிழை நீக்கித் தட்டச்சு செய்து தரப்படும்.’ யாரும் கேட்காமலேயே நீக்குவேன்.

மலர்விழி அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் உயிர்வேதியியலில் பிஎச்.டி. ஆராய்ச்சி. ஃபெலோஷிப் முடிந்து, ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. அந்த வார வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக ஆபீசில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருட உழைப்பும் அதோடு போய்விடும்.

அவர் கொண்டுவந்த பிரதி, ஆய்வுக்கூடத்துப் பழைய மெஷினில் அவரே இரண்டு விரலால் தட்டியது. அதை ஃபேர் காப்பியாக, ஒரிஜினலும் மூன்று கார்பனுமாக அடித்துத் தர வேண்டும்.

முதல் அத்தியாயத்திலேயே என் மேதைமையைக் காட்டினேன். ‘ஹீம்’ (heme) என்று ஒரு வார்த்தை அடிக்கடி வந்தது. அவசரத்தில் ‘தீம்’ (theme) என்பதற்கு முதல் எழுத்தை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, இரண்டு பக்கம் முழுக்க ஒரு t சேர்த்துவிட்டேன்.

“தீம் இல்ல சார், ஹீம். ரத்தம் செவப்பா இருக்குதுல்ல? அதுல இரும்பைப் புடிச்சி வெச்சிருக்கிற பொருள்” என்று சிரித்தார் மலர்விழி. இரண்டாவது மெஷினில் உட்கார்ந்திருந்த என் மனைவி சரோஜாவும் சிரித்தாள். அவள் ஹையரில் ஃபர்ஸ்ட் கிளாஸ், நான் செகண்ட் கிளாஸ். அவள் சிரிப்பு எனக்குக் கூடுதலாகவே உறைத்தது. இனி இவர்களிடம் எந்தச் சந்தேகமும் கேட்பதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். எல்லா வினையும் அந்த வைராக்கியத்தில் தொடங்கியது.

2. எக்ஸ்

டைப்பிங்கில் தப்பாக அடித்துவிட்டால், பின்னால் வந்து அதன் மேல் xxx என்று அடித்து மறைப்பது வழக்கம். அந்த இடத்தில் இருந்தது ரத்து என்று அர்த்தம். மலர்விழியின் பிரதி முழுக்க அப்படிப்பட்ட எக்ஸ்கள். நான் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அடித்துக்கொண்டே போனேன். நடுநடுவே CXXCH என்று ஒன்று வந்தது. நடுவில் இரண்டு எழுத்தை ரத்து செய்திருக்கிறார், பாவம், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கை தடுமாறுகிறது என்று பரிதாபப்பட்டேன். எல்லா இடத்திலும் CCH என்று அடித்து வைத்தேன். நான்கே நாளில் நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மலர்விழி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நிதானமாக விளக்கினார்.

“நம்ம செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்குது சார். நாம இழுக்கிற மூச்சு கடைசியா போய் வேலை செய்யற எடம் அதான். அங்க சைட்டோக்ரோம் சி-ன்னு ஒரு புரதம் வேணும். அது வெளியில தயாராகி வெறுமனே உள்ள வருது. உள்ள ஒரு என்சைம் இருக்குது. அது இந்தப் புரதத்தை அடையாளம் பாத்து, அதுல ஹீமை மாட்டி உடுது. மாட்டுனாதான் அது வேலைக்கு ஆகும்.”

“எதைப் பாத்தும்மா அடையாளம் கண்டுபுடிக்குது?”

“புரதம்னா அமினோ அமிலங்களை வரிசையா கோத்தது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. ஒரு சி, நடுவுல ரெண்டு எழுத்து, மறுபடி ஒரு சி, அப்புறம் ஒரு ஹெச். ஹீம் அந்த ரெண்டு சி-லதான் மாட்டும். ஹெச் இரும்பைப் புடிச்சிக்கும். நடுவுல எது வேணா இருக்கலாம். அதுக்குதான் எக்ஸ். ஆனா ரெண்டு எடம் இருந்தே ஆகணும் சார். முன்னாடி இருக்கிற எழுத்துங்களையும் அந்த என்சைம் பாக்குது. எதை மாத்துனா அதுக்கு அடையாளம் தெரியாம போகுதுன்னுதான் அஞ்சு வருசமா ஈஸ்ட்ல பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் ஐந்து வருடமாக மாற்றிப் பார்த்ததை நான் நான்கு நாளில் மாற்றிவிட்டேன். எனக்கு எக்ஸ் என்றால் ரத்து. அவருக்கு எக்ஸ் என்றால், எது வந்தாலும் வரட்டும், இடத்தை விட்டு வை.

எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தோரு இடம், இருபத்தொன்பது பக்கம். விட்டுப்போனது ஓர் எழுத்து என்றால் அரை ஸ்பேஸ் நகர்த்தி நுழைத்துவிடலாம். இரண்டு எழுத்து நுழையாது. பக்கத்தையே திரும்ப அடிக்க வேண்டும். அதுவும், பழைய பக்கம் முடிந்த அதே வார்த்தையில் புதிய பக்கமும் முடிய வேண்டும். இல்லையென்றால் அடுத்த பக்கமும் குப்பைக்குத்தான்.

மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வியாழக்கிழமை பௌர்ணமி, கிரிவலம் சார். மத்தியானத்துக்கு மேல பஸ் ஊருக்குள்ள வராது” என்றார்.

“ஏங்க, ஒரு வார்த்தை கேட்டா என்னங்க கொறைஞ்சி போயிடுது?” என்றாள் சரோஜா. பிறகு பேச்சை விட்டுவிட்டு மெஷினில் பேப்பரைச் சொருகினாள்.

3. மெஷின் ரிப்பேர்

வகுப்புகளை நிறுத்தி, வாசலில் ‘மெஷின் ரிப்பேர்’ என்று எழுதி ஒட்டினேன். “எந்த மெஷின்னு போடலியே” என்றாள் சரோஜா.

செவ்வாய், புதன், வியாழன் காலை என்று இரண்டு மெஷினும் ஓடின. மலர்விழி பென்சிலும் கையுமாக ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். புதன்கிழமை என் விரல்கள் தாமாகவே மறுபடி CCH என்று அடித்தன. சரோஜா எழுந்து வந்து, என் மெஷினிலிருந்து நான்கு தாளையும் உருவிப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். ஒரு பெண்ணின் ஐந்து வருடத்தை நான் அழித்துவிடுவேனோ என்று ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தேன்.

வியாழன் மதியம் ஒரு மணிக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. கிரிவலக் கூட்டம் அதற்குள் தேரடியை நிறைத்திருந்தது. ஆய்வேட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மலர்விழி என் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தார். மலையை நோக்கி வருகிற அத்தனை பேருக்கும் எதிராக நாங்கள் மட்டும் போனோம். பாதி தூரம் வண்டியைத் தள்ளித்தான் போக முடிந்தது.

திண்டிவனம் ரோட்டில் போட்டிருந்த தற்காலிக பஸ் ஸ்டாண்டில் அவருடைய அப்பா துணிப்பையோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கும்பிட்டார்.

“பாப்பா எழுதனதுல ஒரே தப்பு நாப்பது எடத்துல இருந்துச்சாமே சார். நீங்களும் அம்மாவும் மூணு நாளா ஒக்காந்து சரி பண்ணிக் குடுத்தீங்களாம். நல்லா இருக்கணும் சார் நீங்க.”

நான் மலர்விழியைப் பார்த்தேன். அவர் எந்த பஸ் முதலில் கிளம்பும் என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊரில் எல்லோர் வாக்கியத்தையும் திருத்துகிற எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்த வாய் வரவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கீழே மருந்துக் கடைக்கு போன் வந்தது. கொடுத்தாகிவிட்டது.

சில மாதம் கழித்து, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஒரு கடிதம் போட்டிருந்தார். எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு CCH எங்கள் ஆறு கண்ணுக்கும் தப்பியிருந்ததாம். தேர்வாளர் இது என்ன என்று கேட்டாராம். “இது ஹீம் ஒட்டாத ரகம் சார்” என்றாராம் மலர்விழி. அறையே சிரித்ததாம். கடிதத்தில் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டிருந்தார். அதைச் சரோஜாதான் சத்தமாகப் படித்தாள்.

போர்டில் ‘பிழை நீக்கி’ என்ற வார்த்தைகளின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டேன். 2001இல் கம்ப்யூட்டர் வாங்கினேன். ‘ஹீம்’ என்று அடித்தால் அதுவும் அடியில் சிவப்புக் கோடு போட்டு ‘தீம்’தானே என்றது. என் ஆள் ஒருவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் அவன் மாற்றட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றுகிறான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதற்கு இருப்பது அவ்வளவுதான். புரியவில்லை என்றால் கேளுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று பாக்கி. கடிதம் வந்த வாரமே அடி அண்ணாமலைக்குப் போனேன். மலர்விழியின் அப்பா வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு தப்பு உங்க பொண்ணு பண்ணல. பண்ணது நான்” என்று வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“தெரியும் சார். எம்பொண்ணு ஒரே தப்ப நாப்பது தடவ பண்றவ இல்ல” என்றார். “இறங்குங்க, மோர் சாப்பிடலாம்.”