திரும்பி வந்த தட்டு

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியில் பதுளையில் எங்கள் தெருக்காரர்கள் ஒரு கூட்டம் வைப்பார்கள். போகிற ஆண்டு என்ன கற்றுக்கொடுத்தது, வருகிற ஆண்டில் எப்படி வாழ வேண்டும் என்று பேசுவதற்கு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரான என்னை மேடையேற்றுவார்கள். நானும் பேசுவேன். கோபத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பேன். கைதட்டுவார்கள். இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பாடத்தைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். எங்கள் வீடு மேட்டு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பள்ளத்து லயத்தில். இடையில் தேயிலைக்குள் இறங்கும் கற்படிகள். இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பெரியப்பா போவதென்று எழுதிக் கொடுத்தார். அப்பா இருப்பதென்று எழுதிக் கொடுத்தார்.

“பெத்தவங்களப் பொதச்ச எடத்த விட்டுட்டு ஓடுறியா?” என்று கேட்டார் அப்பா.

“நீ இங்கேயே கெடந்து தேயிலைக்கு உரமாப் போ,” என்றார் பெரியப்பா.

அன்றோடு பேச்சு நின்றது. இருவரும் ஒரே மலையில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி வெட்டினார்கள். ஒருவர் நிற்கும் பக்கம் மற்றவர் திரும்பவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு நின்றுபோன வீடுகள் சித்திரை வருசப் பிறப்பன்று சேர்ந்துகொள்ளலாம். இளையவர் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு போக வேண்டும், மேலே வெற்றிலை பாக்கு வைத்து. மூத்தவர் அதை எடுத்துக்கொண்டு, வெறுந்தட்டாக அனுப்பாமல் ஒரு பிடி சீனி வைத்துத் திருப்பினால் சண்டை தீர்ந்தது. யாரும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வைத்தது வைத்தபடி தட்டு திரும்பினால் அத்தோடு உறவு முடிந்தது. தட்டைச் சுமந்து போவது பிள்ளைகளின் வேலை.

வருசத்துக்கு முதல் நாள் அம்மா அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு அண்ணன் வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பு என்று அப்பா சொன்னதைக் கேட்டு அம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டு அத்தையிடம் விளையாட்டாகச் சொன்னார்: “பேச்சு மட்டும் ஆரம்பிக்கட்டும், இந்த மனுசன் அண்ணன் பின்னாலயே கப்பல் ஏறிடுவாரு பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை நிஜமென்று நம்பிவிட்டேன். பதுளையில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. விடுமுறை முடிந்ததும் போக வேண்டும். வெள்ளைக் கால்சட்டை தைத்தாயிற்று. எங்கள் லயத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதுவரை யாரும் போனதில்லை. அப்பா கப்பலேறினால் அந்தக் கால்சட்டையை நான் எங்கே போட்டுக்கொள்வது?

மறுநாள் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய் வந்ததும் அம்மா தட்டை என் கையில் தந்தார். முறுக்கு, அதிரசம், இரண்டு வாழைப்பழம், மேலே வெற்றிலை. வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. “அப்பா குடுக்கச் சொன்னாருன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத.”

கற்படிகளில் பாதிவழி இறங்கினேன். பிறகு விலகித் தேயிலைக்குள் போய், மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே பெரியப்பா வீட்டுக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. போய் வரும் நேரம் கழிந்திருக்கும் என்று தோன்றியதும் எழுந்து வீட்டுக்கு வந்தேன். ஒரு முறுக்கைக்கூட எடுத்துத் தின்னவில்லை. தின்றிருந்தால் பிள்ளைத்தனம் என்று என்னை நானே எப்போதோ மன்னித்திருப்பேன்.

“வேணாமாம்,” என்றேன்.

அம்மா துணியை விலக்கிப் பார்த்தார். “வருசமும் அதுவுமாத் தட்டத் திருப்புற ஆளா அவரு? நீ என்னடா சொன்ன?”

“நீங்க சொன்னதத்தான் சொன்னேன். கையக் காட்டிப் போன்னுட்டாரு.”

அப்பா துணியைத் திரும்ப இழுத்து மூடினார். “பயலத் திட்டாத புள்ள. அவன் என்ன பண்ணுவான்,” என்று மட்டும் சொன்னார். அன்று அவர் பலகாரத்தைத் தொடவில்லை.

அடுத்த மாதம் பெரியப்பா குடும்பத்தின் பெட்டிகளைப் பதுளை ஸ்டேசனுக்கு ஏற்றிப்போக லொறி வந்தது. லயமே கூடி ஒப்பாரி வைத்தது. அப்பா மட்டும் வேலைக்குப் போய்விட்டார். பெட்டிகளுக்கு நடுவே நின்ற பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஒங்கப்பன் வரலியாடா?”

“மலைக்குப் போயிட்டாரு, பெரியப்பா.”

“இன்னைக்குமா? பெரிய வேலைக்காரன்தான்.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. “வருசத்துக்கு ஒரு தட்டு வரும்னு பாத்தேன். மூத்தவன் எறங்கிப் போறதான்னு நானும் ஒக்காந்துட்டேன்.”

“புள்ளகிட்டப் போயி இதையெல்லாம் சொல்லிக்கிட்டு,” என்றார் பெரியம்மா. பிறகு அவரே சொன்னார்: “திருப்பி வைக்கச் சீனிகூட வாங்கி வச்சிருந்தாருடா.”

லொறிக்காரர் இன்னும் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா நின்ற மலை ஓடினால் எட்டிவிடும் தூரம். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா கத்தியைப் போட்டுவிட்டு வந்திருப்பார். எனக்கு முதுகுத்தோல் உரிந்திருக்கும், அவ்வளவுதான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பெரியப்பா என் தலையில் கைவைத்து, “நல்லாப் படி,” என்றார். லொறி போய்விட்டது.

நான் நன்றாகத்தான் படித்தேன். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. பெரியப்பா கடல் கடந்து போய் அதிக நாள் இருக்கவில்லை. செய்தி வந்தபோது அப்பா தலையை மழித்துக்கொண்டு திரும்பவும் வேலைக்குப் போனார்.

என் படிப்புக்கு நான் கொடுத்த விலை அது என்று நெடுங்காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அதுவும் நிலைக்கவில்லை. அப்பா இறந்து பல ஆண்டுகள் கழித்து, பெரியப்பாவோடு இந்தியா போகும் எண்ணம் அப்பாவுக்கு எப்போதாவது இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். “அவரு எங்கடா போறாரு? பேசாமக் கொள்ளாம அண்ணன அனுப்ப மனசு வரல. அதுக்குத்தானே அந்தத் தட்டு.” அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பெரியப்பா போனதற்கு அடுத்த வருசப் பிறப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. பள்ளத்து லயத்தில் அவர் இருந்த வீட்டைப் புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதிக்குக் கொடுத்திருந்தார்கள். பதுளையிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நான் தலை சீவிக்கொண்டு தயாராக நின்றேன். அவர்களுக்கு அனுப்ப அம்மா பலகாரத்தை அடுக்கித் துணியால் மூடினார். நான் கையை நீட்டினேன். அப்பா எழுந்து வந்து, அந்தத் தட்டைத் தானே வாங்கிக்கொண்டு, கற்படிகளில் மெதுவாக இறங்கினார். பெரியப்பா பிறகு யார்மூலமாவது தட்டு வரவே இல்லையென்று சொல்லி அனுப்பியிருந்தாரா, என் முகத்திலேயே அப்பா எதையாவது கண்டுகொண்டாரா, எனக்குத் தெரியாது. பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன் என்பதால் இந்த வேலைகளுக்கு இனி என்னை அனுப்பமாட்டார்கள் என்று அன்றைக்கு நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.