வேலிச் செடியின் அடியில் தெரிந்த கால்கள்

பன்னிரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டு அக்கா காலையில் வாசல் கூட்டி முடித்ததும் துடைப்பத்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு என் ஜன்னலைப் பார்ப்பாள். நான் கை தூக்குவேன். அவள் கன்னம் வீங்கியிருந்த நாட்களிலும் அது தவறியதில்லை.

ஒருநாள் அவள் கணவர் நான் வேலை செய்யும் நாற்றுப் பண்ணைக்கு வந்தார்.

“முன்தோட்டத்து எல்லையில வைக்கச் செடி வேணும்.”

“குரோட்டன்ஸ் அழகா இருக்கும்ண்ணே.”

“அழகு யாருக்கும்மா வேணும்? வருஷம் பூரா இலை உதிராம, ஈ காக்கா எட்டிப் பாக்காத மாதிரி குடு. சில ஜன்னலுக்குக் கண்ணு ரொம்ப நீளம்” என்று சிரித்தார்.

அடர்ந்து வளரும் செடிகளையே கொடுத்தேன். “மேல்பக்கம் அகலமா விடுங்க, நல்லா மறைக்கும்” என்றேன். மேலே விரிந்தால் வெயில் படாமல் அடிப்பக்கம் மொட்டையாகிவிடும் என்பதைச் சொல்லவில்லை.

இரண்டு வருடத்தில் அப்படியே ஆனது. என் வாசல்படியில் நான் உட்கார்ந்தால் முழங்கால் உயரச் சந்தில் அவள் பாதங்கள் தெரியும். இரண்டு தட்டு கேட்டதும் நான் இருமுவேன்.

நான்கு நாட்களாக அங்கே அவர் செருப்புக் கால்கள் மட்டுமே நடக்கின்றன. இன்று காலை அவை என் வாசல்படியைப் பார்த்துத் திரும்பி நின்றன.