கட்டைவிரல் போட்ட பதில்

போன வருடம் நடந்தது இது. என் மகள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். வீடு நெமிலிச்சேரியில். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆங்கிலத்தில் என் மகளின் பெயர் மட்டும் தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளே சொல்லிக்கொடுத்தது.

சேர்ந்த புதிதில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பிள்ளைகளின் செல்போனில் சாட்பாட் என்று ஒன்று வைத்திருப்பதாக மேடம் சொன்னார். தினமும் சாயங்காலம் அது பாடத்தில் நாலு கேள்வி கேட்கும். சரியாகச் சொன்னால் பாராட்டும். சோர்ந்துபோனால் தைரியம் சொல்லும். வாரம் ஒரு முறை வீட்டுக்கும் செய்தி அனுப்பும். நாம் பதில் போட்டால் பிள்ளையிடம் சேர்த்துவிடும். பிறகு வரிசையாக ஒவ்வொருவரிடமும் "தமிழா, இங்கிலீஷா?" என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். எனக்கு முன்னால் இருந்த ஐந்தாறு பேரும் இங்கிலீஷ் என்றார்கள். நாலு பேர் நடுவில் வாயைத் திறப்பதே எனக்குக் கஷ்டம். நானும் இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கு எப்படிப்பா புரியும்?" என்று வெளியே வந்ததும் மகள் கேட்டாள்.

"கம்பெனில பாய் கீறாரு. படிச்சுச் சொல்லுவாரு."

பாய் என்னோடு வேலை செய்பவர். கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. வியாழக்கிழமை டீ நேரத்தில் செய்தி வரும். மகள் பெயரைப் பார்ப்பேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் இருக்கிறதே, அதை அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு தடவை பாய் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, வந்த ஒடனே கைநாட்டு வெச்சிட்டே? படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் பாய்."

ஏழெட்டு வாரம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் பெட்டியோடு வந்து நின்றாள். "யூனிஃபார்மை யாருக்காவது குடுத்துடும்மா" என்று என் மனைவியிடம் சொன்னாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"நீதானேப்பா சரின்னு சொன்னே."

என் போனை வாங்கி, கடைசியாக வந்திருந்த செய்தியைத் தமிழில் சொன்னாள். முதல் பரீட்சையில் இரண்டு பாடத்தில் தோற்றிருந்தாள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை. வகுப்பில் எதுவும் பிடிபடவில்லை. எங்களிடம் சொல்லப் பயந்து சாட்பாட்டிடம் எழுதியிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. "சொல், படிப்பை விட்டுவிடவா என்றும் கேள்" என்று இவள் எழுதியிருக்கிறாள். அதைத்தான் அது என்னிடம் கேட்டிருந்தது. கீழே என் கட்டைவிரல்.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட அங்கயே இருந்திருப்பேம்பா" என்றாள்.

அந்த நிமிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "உன் இஷ்டம்னுதாம்மா போட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போகிறவன் போல வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் யாரிடமும் பேசவில்லை. வெள்ளை யூனிஃபார்மைத் துவைத்தாள். காய்ந்ததும் தேய்த்தாள். யாருக்கோ கொடுக்கப்போகிற துணியை அவ்வளவு பார்த்துப் பார்த்து மடித்தாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை இருவரும் கல்லூரிக்குப் போனோம். மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அப்பாவே சரின்னுட்டாரு மேடம்" என்றாள் மகள். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். முழுக்க ஆங்கிலம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோனேன். என் கை போன வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

"மேடம், இதுல இன்னா எழுதிக்கீது?"

அவர் பதில் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது மேடம். வந்த மெசேஜ் ஒண்ணுகூட நான் படிச்சதில்ல. பாயாண்டையும் கேக்கல. சும்மா வெரலைப் போட்டுட்டேன்." மகள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மேசையைப் பார்த்துத்தான் பேசினேன்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ என்னை விட்டுடச் சொல்லலியாப்பா?"

"இல்லம்மா."

அவள் அழுதாள். தாளை மேடமே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். என் போனை வாங்கி ஒரு நிமிடத்தில் தமிழுக்கு மாற்றினார். "எழுதக்கூட வேணாம், இதை அமுக்கிப் பேசினா போதும்" என்று மைக் படத்தைக் காட்டினார். இத்தனை வாரமும் அது என் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

தோற்ற இரண்டையும் மறுபடி எழுதி, இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். வாரா வாரம் பேசி அனுப்புகிறேன். "சாப்ட்டியா, பயப்படாம எழுது" என்பதற்கு மேல் எனக்கு வருவதில்லை. பாயிடமும் நடந்ததைச் சொன்னேன். "என்னாண்ட குடுத்திருந்தா டீ ஆறுறதுக்குள்ள படிச்சிருப்பேனே அண்ணாத்தே" என்றார்.

மகள் இதுவரை ஒரு தடவைகூடக் குத்திக்காட்டியதில்லை. ஆனாலும் எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை மறைப்பதற்காக, அவள் அந்த யூனிஃபார்மை மடித்ததை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.