திருப்பிச் சொல்கிறவர்

என் கணவர் மீனம்பாக்கத்திலிருந்து பயணிகள் விமானம் ஓட்டினார். யுத்த காலத்தில் கற்றுக்கொண்ட வேலை. லீவு கிடைத்தால் ரயிலேறி ஆம்பூர் வருவார். வந்தவரிடம் ஆசையாக நாலு வார்த்தை பேச முடியாது. "வரும்போது புளி வாங்கிட்டு வாங்க" என்றால், "வரும்போது புளி" என்று அப்படியே திருப்பிச் சொல்வார். கீழே விமான நிலைய டவரிலிருந்து சொல்வதைத் திருப்பிச் சொன்னால்தான் சரியாகக் கேட்டதென்று அர்த்தமாம். "நான் இன்னா டவரா?" என்று எரிந்து விழுவேன். அத்தனையும் சொல்லிவிட்டுப் புளி இல்லாமல் வந்து நிற்பார், அது வேறு கதை.

ஐம்பதை நெருங்கியபோது அவருக்குப் பயம் வந்துவிட்டது. வருடாந்திரப் பரீட்சையில் தேறாவிட்டால் இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். என்னை முதுகுக்குப் பின்னால் உட்காரவைத்து, ஹெடிங் என்கிற திசை, உயரம், ரேடியோ நம்பர் என்று டவர் மாதிரியே சொல்லச் சொன்னார். தெருவில் தோல் மண்டி லாரிகள் உறுமுகிற சத்தத்திலும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். புளியை மறக்கிற மனுஷனா இவர் என்றிருந்தது எனக்கு.

"எந்த இடத்துல இன்னா சொல்லுவாங்கன்னு முன்னாலயே தெரியும்மா. நம்பரை மட்டும் பிடிச்சா போதும்" என்றார்.

டவர் எப்போதும் ஒரே மாதிரியா பேசும்? ஒருநாள் வரிசையை மாற்றினேன். இறங்கச் சொல்லும் இடத்தில், மழை, இறங்காதே, வேறு திசையில் திரும்பி மேலே ஏறு என்று சொன்னேன். பாதியில் நின்றுவிட்டார். மறுபடி சொன்னேன். மறுபடியும் நின்றார்.

"வயசுல இதை விட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "பின்னால ஜனங்க உக்காந்திருக்காங்களே" என்றார். அந்த வருடம் பரீட்சைக்கு அவர் போகவேயில்லை.

வீட்டோடு வந்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஏங்கியது அதற்குத்தான். ஆனால் பெங்களூர் விமானம் ஊருக்கு மேலே போகிற சாயங்காலங்களில் மொட்டை மாடியில் போய் நிற்பார். நான் பேசுவது எதுவும் காதில் ஏறாது. பக்கத்தில் நின்று, "ஹெடிங் டூ செவன் ஜீரோ, ஏழாயிரம் அடி" என்பேன். முகம் மலர்ந்து திருப்பிச் சொல்வார். ஒருநாள் அதே குரலில், "இறங்கி வாங்க, தோசை ஆறுது" என்றேன். "இறங்கி வர்றேன், தோசை ஆறுது" என்றார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனோம்.

அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. படுக்கப் போகும்போது, "லைட்டை அணைச்சிடுங்க, பின்கதவைச் சாத்திடுங்க" என்று இன்னும் வாயில் வந்துவிடுகிறது. சொல்லிவிட்டு, அவர் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருக்கிறேன்.