சிலுப்பாத கெடா

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்குக் கால்நடை மருத்துவராகப் போனபோது எனக்கு ஊசி மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும், சாமியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒரே ஆட்டின் உடம்பில் சந்திக்கும் என்று கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு நாள் காலை, சாமை விதைக்கும் குடியானவர் ஒருவர் தன் கெடாவை இழுத்துக்கொண்டு வந்தார். இழுத்து வந்தது கெடாதான் என்பது அவருடைய சிராய்ந்த முழங்காலைப் பார்த்ததும் தெரிந்தது. கோயில்வரை யாரையும் முட்டாமல் நடக்க ஓர் ஊசி போடச் சொன்னார். எதற்குக் கோயில் என்று நான் கேட்கவில்லை. போட்டேன். விருந்துக்கு என்னையும் கூப்பிட்டார்.

கோயிலில் பூசாரி கெடாவின்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். நனைந்த ஆடு உடம்பைச் சிலுப்பினால் வெட்டுவதற்குச் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் வேண்டுதல் வைத்த வீட்டில் ஏதோ குற்றம். கெடா தலையைத் தொங்கப்போட்டு, ஓய்வுபெற்ற தாசில்தாரைப்போல நின்றது. அடுத்த குடத்துக்கும் அப்படியேதான் நின்றது.

குற்றவாளியைத் தேடும் வேலைக்கு மட்டும் எங்கேயும் ஆள் பஞ்சம் இல்லை. குடியானவரின் மருமகள் போன தையில் மலைக்குக் கீழே ஆலங்காயம் பக்கத்திலிருந்து வந்தவள். கீழ்நாட்டுக்காரி, சுத்தமில்லாமல் வந்திருப்பாள், அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அவள் புருஷன் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குற்றம் என் ஊசியுடையது என்றேன். அந்த மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும், மூளையும் மந்தமாகிவிடும், தோல் நனைந்தாலும் உதறச் சொல்லி மூளை உத்தரவு போடாது என்று விளக்கினேன்.

பூசாரி பொறுமையாகக் கேட்டார். "தெளிய எம்மா நேரம் ஆவும்?"

சாயங்காலம் ஆகும் என்றேன்.

"அதுவரிக்கும் சாமி இருக்கும். அப்பவும் சிலுப்பலன்னா பொண்ண பஸ் ஏத்திடுங்க."

அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கெடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் புளியமரத்தடியில் சாராயத்தைத் திறந்தார்கள். கெடாவுக்கு மருந்து இறங்க இறங்க அவர்களுக்கு ஏறியது. மூளையைப் பற்றிய என் விளக்கத்தை அங்கே போய் இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பொழுது சாயும்போது கெடா தலையை நிமிர்த்தியது. பூசாரி தண்ணீர் ஊற்ற, அது சிலுப்பிய சிலுப்பில் என் சட்டை நனைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உத்தரவு கிடைத்தாயிற்று, ஆனால் கத்தி பிடிக்க வேண்டியவர் மரத்தடியில் குப்புறக் கிடந்தார். அதற்குள் கெடா கயிற்றை அறுத்துக்கொண்டு, பூசாரியை ஒரு முட்டு முட்டிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. துரத்த எழுந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, விழுந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள்.

காலையிலிருந்து வாய் திறக்காத மருமகள் எழுந்துபோய் ஒரு குடம் தண்ணீர் மொண்டுவந்து மாமனார் கையில் கொடுத்தாள்.

"இவங்க மேல ஊத்துங்க மாமா. யாரு வூட்ல குத்தம்னு பாத்துடலாம்."

அவர் ஊற்றினார். ஒருவர்கூடச் சிலுப்பவில்லை.